கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: எத்தனை யூனிட் என்பதைவிட எந்தப் பாடம் என்பதுதான் கேள்வி

நீங்கள் கேட்டிருப்பது: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், மகள் பன்னிரண்டாவது முடிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கேட்ட யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா வளாகம்) எதுவும் கிடைக்கவில்லை, கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் யூசிக்குள் நுழைந்துவிடலாம் என்கிறார்கள், நம்பலாமா, எங்கே ஏமாறுவோம்?

நம்பலாம். நானே அந்த வழியாகப் போனவன், இப்போதும் சாயங்காலங்களில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இரண்டு வருடத்தில் முடியும் என்று யாராவது அடித்துச் சொன்னால், "எந்த மேஜர், முதல் செமஸ்டரில் எந்தக் கணக்குப் பாடம்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் "முதலில் சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்குத்தான் மூன்று வருடம், மூன்றரை வருடம் ஆகிறது. எனக்கும் மூன்றரை ஆனது.

இந்த ஏற்பாடே கலிஃபோர்னியாவில் 1960இல் போட்ட மாஸ்டர் பிளானில் இருந்து வருவது. நன்றாகப் படிக்கிற மேல்தட்டு எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கு கால் ஸ்டேட்டுக்கு (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத் தொகுதி), கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும் திறந்த கதவு, அங்கே படித்துத் தேறியவர்களுக்கு மூன்றாம் வருடத்தில் மேலே இடம். யூசி இன்றைக்கும் இரண்டு ஃப்ரெஷ்மனுக்கு (நேராக முதல் வருடம் சேர்பவர்) ஒரு டிரான்ஸ்ஃபர் (இப்படி நடுவில் சேர்பவர்) என்ற விகிதத்தை இலக்காக வைத்திருக்கிறது, அப்படி வருகிற டிரான்ஸ்ஃபர்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இருந்துதான். நம்மூரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் லேட்டரல் என்ட்ரியாக வருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி, இங்கே மூன்றாம் வருடம். ஆகவே சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினால் கண்டுகொள்ளாதீர்கள். கடைசியில் கையில் வருகிற பட்டத்தில் முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்று ஒரு எழுத்துகூட இருக்காது.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் வாதாட ஒன்றும் இல்லை. மாநில வாசிக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) 46 டாலர், செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690, வருடத்துக்கு 1,380. பல கல்லூரிகளில் முதல் இரண்டு வருடம் முழுநேரம் படிப்பவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. யூசியில் கட்டணம் மட்டுமே வருடத்துக்குச் சுமார் 15,000, அறை வாடகை சாப்பாடு சேர்த்தால் 40,000ஐத் தாண்டிவிடும். நான் சேர்ந்த 2010இல் யூனிட் 26 டாலர், 2011இல் 36 ஆனது, 2012இல் 46. அதற்குப் பிறகு ஏறவே இல்லை என்பது இந்த ஊரில் அதிசயம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்யூனிட்டி காலேஜ் பாட விவரத்தில் பல பாடங்களுக்குப் பக்கத்தில் "யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம், நான் உட்பட. அதற்கு அர்த்தம், அந்தப் பாடத்தின் யூனிட்டை யூசி கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்பது மட்டும்தான். அந்தப் பாடம் உங்கள் மேஜருக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருச்சியில் பிளஸ் டூவில் வகைக்கெழு, தொகையீடு எல்லாம் போட்டுவிட்டு வந்தவன் நான். இங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து நுழைவுச் சோதனை வைத்தார்கள், அவசரத்தில் ஏதேதோ தட்டினேன், கால்குலஸுக்கு இரண்டு படி கீழே அல்ஜீப்ராவில் போட்டுவிட்டார்கள். மறுத்துப் பேசலாம் என்றுகூட அப்போது தெரியாது. அதை முடித்து மேலே வந்தால், எஞ்சினியர்களுக்கான கால்குலஸில் இடமில்லை. கவுன்சிலர் திரையைப் பார்த்துக்கொண்டே, "பிசினஸ் கால்குலஸில் இடம் இருக்கிறது, அதுவும் யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்றார். எடுத்தேன், ஏ வாங்கினேன், அம்மாவிடம் ஃபோனில் பெருமையடித்தேன். எஞ்சினியரிங் விண்ணப்பத்தில் அந்த ஏவுக்கு ஒரு மதிப்பும் இல்லை, திரும்ப முதலில் இருந்து உண்மையான கால்குலஸ் 1. அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார், கேள்விதான் தப்பு.

நுழைவுச் சோதனைக் கொடுமை இப்போது இல்லை. 2017இல் ஏபி 705, 2022இல் ஏபி 1705 என்று சட்டங்கள் வந்து, பிள்ளைகளைக் கீழ்வகுப்புகளில் சுற்றவிடுவதைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டன. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் தருகிறார்கள், கணக்கு தேவைப்படுகிற மேஜர் என்றால் பெரும்பாலும் நேராகக் கால்குலஸ். ஆனால் "டிரான்ஸ்ஃபர் ஆகும்" குழப்பம் அப்படியேதான் இருக்கிறது.

அதற்கு மருந்து அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம். முதலில் உங்கள் கம்யூனிட்டி காலேஜ், அடுத்து போக விரும்பும் யூசி அல்லது கால் ஸ்டேட், பிறகு மேஜர். மூன்றையும் கொடுத்தால் அந்த மேஜருக்கு வேண்டிய பாடம் எது, உங்கள் கல்லூரியில் அதற்கு இணையானது எது என்று வரிக்கு வரி வரும். இணை இல்லை என்றால் இல்லை என்று போட்டிருக்கும், அந்த வரிகள்தான் முக்கியம், அந்தப் பாடத்தைப் பக்கத்துக் கல்லூரியில்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரே மேஜர் பெயராக இருந்தாலும் ஒரு வளாகம் இயற்பியல் கேட்கும், இன்னொன்று கேட்காது, ஒன்று இந்தக் கம்ப்யூட்டர் மொழியில் படித்தால்தான் ஒப்புக்கொள்ளும். ஆகவே மூன்று வளாகங்களுக்கு மூன்று தாள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், மூன்றிலும் பொதுவாக இருப்பதை முதலில் முடிக்கலாம்.

அடுத்து, அதை ஒரு பெரிய தாளில் அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. கால்குலஸ் 1இலிருந்து 2க்கு ஓர் அம்பு, 2இலிருந்து 3க்கும் லீனியர் அல்ஜீப்ராவுக்கும், 3இலிருந்து டிஃபரென்ஷியல் ஈக்வேஷனுக்கு. கால்குலஸ் 1 முடித்தால்தான் மெக்கானிக்ஸ், 2 முடித்தால்தான் மின்சாரமும் காந்தமும். இந்தப் பக்கம் முதல் புரோகிராமிங் பாடம், அடுத்தது, பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். இப்போது நீளமான சங்கிலி எது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் கணக்குதான், குறைந்தது நான்கு கண்ணி. இருப்பது நான்கு செமஸ்டர். அதாவது முதல் செமஸ்டரில் கால்குலஸ் 1 தொடங்காவிட்டால், கோடை வகுப்பு எடுத்தே ஆகவேண்டும், ஆறு வாரத்தில் கால்குலஸ் 2 என்பது எப்படி இருக்கும் என்றால், திங்கட்கிழமை ஜுரம் வந்தால் வியாழக்கிழமை பாடம் கைவிட்டுப் போயிருக்கும்.

இதில் இன்னொரு முடிச்சு. யூசி விண்ணப்பம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் கடைசியை ஒட்டி மூடிவிடும். உங்கள் பெண் இந்த ஆகஸ்டில் சேர்ந்தால், அடுத்த ஆண்டு நவம்பரில் விண்ணப்பிக்கும்போது அவள் கையில் முடிந்த செமஸ்டர் இரண்டே இரண்டு, மூன்றாவது நடந்துகொண்டிருக்கும். அந்த மூன்றாவதின் மதிப்பெண்ணை ஜனவரியில் போட்டுவிட வேண்டும். நாலாவது செமஸ்டர் "எடுக்கப்போகிறேன்" என்ற பட்டியல்தான். ஆகப் பெயருக்கு இரண்டு வருடமே தவிர, அவர்கள் பார்த்து முடிவு செய்வது ஒன்றரை வருடத்தை. முதல் செமஸ்டரில் "பழகிக்கொள்ளட்டும்" என்று மூன்று லேசான பொதுப்பாடம் எடுத்துவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

பொதுப்பாடங்களுக்கு ஒரு தொகுப்பு இருக்கிறது, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அதன் பெயர் கால்-ஜெட்சி. 11 பாடம், 34 யூனிட், எல்லாவற்றிலும் சி அல்லது மேலே, முடித்தால் யூசி, கால் ஸ்டேட் இரண்டிலும் பொதுப்பாடக் கணக்கு தீர்ந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலை, சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு உதவுகிற அளவுக்குப் பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு உதவாது. பொறியியலில் பல இடங்களில் இதை முழுதாக முடிக்கச் சொல்வதே இல்லை, கணக்கும் அறிவியலும் முடித்தாயா என்றுதான் கேட்பார்கள். வருடா வருடம் பார்க்கிறேன், 60 யூனிட் முடித்து, பொதுப்பாடம் எல்லாம் முடித்து, ஜிபிஏ (நாலுக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.9 வைத்துக்கொண்டு, கால்குலஸ் 2இல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. ஆங்கிலத்தில் இரண்டு பாடமும் கணக்கில் ஒன்றும் யூசிக்குள் நுழையவே வேண்டும், அவற்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மற்ற பொதுப்பாடங்களைச் செமஸ்டருக்கு ஒன்று என்று மூச்சுவிடுகிற இடமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி டேக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் காரண்டி) பற்றி, எல்லா அம்மா அப்பாவும் முதலில் கேட்பது இதைத்தான். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், அவர்கள் சொல்கிற பாடங்களை முடித்து அவர்கள் கேட்கிற ஜிபிஏ வைத்திருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுத்தில் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியகோ இதில் கிடையாது. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30க்குள், அதாவது விண்ணப்பத்துக்கும் முன்பே. அருமையான வசதி, ஆனால் உங்கள் வீட்டுக் கேள்வி கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் சொல்கிறேன்: கூட்டம் அதிகமான மேஜர்களைப் பல வளாகங்கள் டேகிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. அந்தந்த ஆண்டுக்கான டேக் பட்டியலைத் திறந்து மேஜர் பெயரைத் தேடாமல் "டேக் இருக்கிறது, கவலை இல்லை" என்று யாரும் சொல்லக் கூடாது. டேக் கிடைத்த பிறகும் விண்ணப்பம் தனியாகப் போடவேண்டும், அதை மறந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். கால் ஸ்டேட் பக்கம் ஏடிடி என்று, டிரான்ஸ்ஃபருக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தருகிற பட்டம் இருக்கிறது, 2010 சட்டம். அது ஏதோ ஒரு கால் ஸ்டேட்டில் இடம் உறுதி என்கிறது, சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி என்று சொல்லவில்லை.

அதேபோல "யூசிஎல்ஏ டிரான்ஸ்ஃபரில் நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது, ஃப்ரெஷ்மனில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை" என்ற கணக்கு வாட்ஸாப்பில் வரும். கணக்கு கிட்டத்தட்ட சரிதான். ஆனால் அது எல்லா மேஜரையும் சேர்த்த சராசரி. யூசியே மேஜர் வாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கிடைத்தவர்களின் ஜிபிஏ எந்த வரம்பில் என்று வெளியிடுகிறது. அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரியையும், பக்கத்திலேயே கணிதம், புள்ளியியல், காக்னிடிவ் சயின்ஸ் வரிகளையும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவளுக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும், எங்கள் வீட்டில் அப்படித்தான் தங்கைக்குத் தொடங்கியது. சேர்ந்த பிறகு உள்ளே மேஜரை மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் மட்டும் வேண்டாம், டிரான்ஸ்ஃபராக வந்தவர்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும்.

வகுப்பில் இடம் பிடிப்பது தனிக் கலை. பதிவு செய்யும் நாள் ஒவ்வொருவருக்கும் வேறு, முடித்த யூனிட்டைப் பொறுத்தது, புதிதாகச் சேர்பவர்கள் வரிசையில் கடைசியை ஒட்டி. அறிமுக வகுப்பு, கல்வித் திட்டம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிட்டால் சில நாள் முன்னால் தள்ளிவிடுவார்கள். கெமிஸ்ட்ரி, இயற்பியல் லேப் எல்லாம் நாள் திறந்த வேகத்தில் நிறைந்துவிடும். என் காலத்தில் பட்ஜெட் வெட்டில் வகுப்புகளையே ரத்து செய்துகொண்டிருந்தார்கள், முதல் நாள் கெமிஸ்ட்ரி வகுப்பில் நாற்காலியில் முப்பது பேர், சுவரோரம் நின்றுகொண்டு இருபது பேர். ஆசிரியர் பெயர் கூப்பிட்டு, வராதவர்களை நீக்கி, காத்திருப்புப் பட்டியல் வரிசையில் ஆட் கோடு என்று எண் எழுதிய துண்டுச் சீட்டு கொடுத்தார். நான் எட்டாவது, ஏழு சீட்டோடு முடிந்தது. வெளியே போகாமல் நின்றேன், இரண்டாம் வகுப்புக்கும் போய் நின்றேன், மூன்றாம் வகுப்பில் ஒருவர் விலகினார். இப்போது துண்டுச் சீட்டு மின்னஞ்சலில் வருகிறது, மற்றபடி அதே கதைதான். ஆன்லைன் வகுப்புகளில் நிதியுதவிப் பணத்துக்காகப் போலிப் பெயரில் சேருகிற பேய் மாணவர்கள் வேறு இடத்தை அடைக்கிறார்கள். அவர்களை நீக்கும்போது முதல் வாரத்திலேயே திடீரென்று இடம் திறக்கும். ஆகவே காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துப் பயந்து விலகிவிடக் கூடாது, முதல் நாள் கட்டாயம் போய் நிற்கவேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு பொறி. சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து உயர்த்த முடியாது. டி, எஃப் என்றால் திரும்ப எடுக்கலாம். அதனால் கால்குலஸ் 2 பாதியில் தடுமாறினால், கடைசித் தேதிக்குள் விலகி டபிள்யூ (விலகினார் என்ற குறி) வாங்குவதா, சியோடு கரையேறுவதா என்று கணக்குப் போடவேண்டும். ஒரு டபிள்யூ யாரையும் கொல்லாது, ஆனால் சங்கிலியில் ஒரு செமஸ்டர் போகும். எல்லா வளாகத்துக்கும் பொருந்துகிற பதில் இதற்கு இல்லை, அந்த மேஜரின் ஜிபிஏ வரம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்று, இங்கே பலர் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கோடையில் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தில் இலவசமாகச் சேர்த்துவிடுகிறார்கள், நல்லதுதான், ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். பதினைந்து வயதில் விளையாட்டாக வாங்கிய சி, இருபது வயதில் ஜிபிஏவில் வந்து நிற்கும். உங்கள் மகள் அப்படி எதுவும் எடுத்திருந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள், எந்தக் கல்லூரியில் எடுத்திருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது.

பக்கத்துக் கல்லூரியில் ஒரு பாடம் எடுக்கலாம் என்றேன், அதில் ஒரு எச்சரிக்கை: கால்குலஸை மட்டும் இரண்டு கல்லூரிக்குப் பங்கு போடாதீர்கள். டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடச் சிறிய பருவம்), சுற்றியுள்ள மற்றவை பெரும்பாலும் செமஸ்டர். ஒரு கல்லூரியில் மூன்று பாகம், இன்னொன்றில் நான்கு பாகம். பாதியில் மாறினால் நடுவில் ஒரு துண்டு எங்கேயும் படிக்காமல் விழுந்துபோகும், யூசியும் பல இடங்களில் முழுத் தொடரை ஒரே கல்லூரியில் முடித்தால்தான் இணை என்று எழுதியிருக்கும்.

கட்டுரைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள், அதில் உன் மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது கட்டாயம். நம் பிள்ளைகள் தாத்தா ஊரில் வயலில் நின்ற கதையை எழுதுகிறார்கள். வேண்டாம், எந்தப் பாடத்தில் என்ன செய்தாள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று நேராக எழுதட்டும். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தில் பள்ளி மதிப்பெண்ணையோ எஸ்ஏடி தேர்வையோ யூசி பார்க்கப் போவதில்லை, அதுவே ஒரு நிம்மதி.

நீங்கள் எச்-1 வேலை விசாவில் இருந்து மகள் எச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா) என்றால், இதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். எச்-4 பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் மாநில வாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம், ஆனால் மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. 21 ஆனதும் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் பொதுவாக வெளிமாநிலக் கட்டணம்தான். அவளுடைய 21ஆம் பிறந்தநாள் யூசியில் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைப் பாடத் தாளின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள், வழக்கறிஞரிடம் இப்போதே பேசுங்கள்.

கிடைத்த பிறகு? ஏப்ரலில் முடிவு வரும், ஜூன் 1க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், கடைசி செமஸ்டரில் டி வாங்கினால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துவிடுவார்கள், எடுத்தும் இருக்கிறார்கள். பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூசிகள் குவார்ட்டர் முறை, பத்து வாரம், மூன்றாம் வாரத்தில் மிட்டெர்ம். முதல் குவார்ட்டரில் மதிப்பெண் சரிவது சகஜம், எனக்கு 3.8இலிருந்து 2.9க்கு வந்தது. இதைவிட யாரும் சொல்லாத சிக்கல், மற்றவர்கள் இரண்டு வருடம் அங்கேயே இருந்து தயாரான இன்டர்ன்ஷிப் வேட்டை, இவள் வளாகத்தில் வழி தேடிக்கொண்டிருக்கிற அந்த இலையுதிர் மாதங்களிலேயே நடந்து முடிந்துவிடும். ரெஸ்யூமே, ஒன்றிரண்டு புராஜெக்ட் எல்லாம் போகுமுன் கோடையிலேயே தயாராக இருக்கவேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பள்ளியில் ஏபி கால்குலஸ் என்ற கல்லூரி அளவுத் தேர்வு எழுதினாளா, அதில் ஏபி பிரிவா பிசி பிரிவா, என்ன மதிப்பெண்? அதைச் சொல்லுங்கள், தாளில் முதல் பெட்டியில் எந்தக் கணக்கைப் போடுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.